வெண்டை இலை விட்ட பருத்தி

“பரீட்சையில பாஸ் பண்ணினவளுக்குப் பருத்தி காய்க்குமாண்ணே?” என்று சித்தப்பா அப்பாவிடம் கேட்டார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் வாய்க்காலைப் பார்த்தபடி கேட்டார்.

சம்பா அறுத்து முடித்து வயல் தாளோடு கிடந்த நேரம் அது. எங்கள் வயல் கீழவாஞ்சூர் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சொந்தம் இல்லை. தலத்தெருவில் இருக்கும் ஒரு அம்மாவின் நிலத்தை அப்பா வெகு காலமாகக் குத்தகைக்குச் செய்கிறார். இந்தக் கோடையில் பருத்தி போடலாம், என்ன தெளிப்பது, எப்போது தெளிப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன் என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி பாப்பா. இந்தப் பருத்தி உன் பேச்சு. வந்துச்சுன்னா சம்பாவுக்கும் உன்னையே கேக்குறேன். கெட்டுச்சுன்னா, அப்புறம் வயலப் பத்தி வீட்ல நீ வாயத் தொறக்கக் கூடாது. வேலைக்குப் போ, வா, அதோட இரு.”

“சம்மதம்பா” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். விவசாயம் படித்தேன். இப்போது ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறேன். மாடித் தோட்டம் போட்டவர்கள், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், கொல்லையில் நாலு கத்தரிச் செடி வைத்திருப்பவர்கள் என்று பலரும் சுருண்ட இலையைக் கவரில் போட்டு எடுத்து வந்து என் மேசைமேல் வைப்பார்கள். ‘மேடம்’ என்பார்கள். நான் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போவார்கள். வீட்டில் மட்டும் என் பேச்சு கொல்லைப்புறத்தைத் தாண்டாது. வயல் என்பது ஆண்கள் பேசும் இடம். அந்தப் பருத்தியில் எனக்கு வேண்டியிருந்தது பருத்தி மட்டும் இல்லை. வயலில் என் பேச்சும் ஒரு பேச்சாக நிற்க வேண்டும்.

பருத்தி நன்றாகவே முளைத்தது. களை எடுத்து, மண் அணைத்து, செடி முழங்கால் உயரம் வந்தபோது மீன் அமிலம் தெளிக்கலாம் என்றேன். காரைக்கால்மேட்டில் ஏலம் முடிந்த பிறகு ஒதுக்கிப் போடும் மீன் கழிவை ஒரு வாளியில் கேட்டு வாங்கி, அதே எடைக்கு வெல்லம் தட்டிப் போட்டு, மூடி கட்டி வைத்துவிட்டேன். சில வாரம் போனால் தேன் நிறத்தில் சாறு பிரியும். அதை வடிகட்டி நிறையத் தண்ணீரில் கலந்து தெளித்தால் செடிக்கு நல்ல ஊட்டம். நன்றாகப் பிரிந்துவிட்டால் நாற்றம் குறைந்து பழ வாசனை வரும் என்று புத்தகத்தில் இருக்கும். எங்கள் தெருவில் அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கொல்லைக் கத்தரிக்குக் கொஞ்சம் எடுத்த பிறகு, வயலுக்காக வாளியை மறுபடி திறந்த அன்று சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். “என்ன டாக்டரம்மா, பருத்திக்கு மீன் கொழம்பா? சோறு வடிச்சாச்சா?”

“சிரிக்காதிங்க தம்பி” என்றார் அம்மா. “கொல்லையில கத்தரிக்கு ஊத்திப் பாத்துட்டுத்தான் சொல்றா. காய் நல்லாத்தான் புடிச்சிருக்கு.”

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். அப்பா ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், நான் அளந்து வைத்த சாற்றைக் கலந்து வயல் முழுக்கத் தெளித்துவிட்டு வந்தார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது.

அடுத்த வாரம் குருத்து கெட்டது. பருத்தி இலை விரித்த உள்ளங்கை மாதிரி இருக்கும். புதிதாக வந்த இலைகள் விரல் விரலாகப் பிரிந்து, ஒடுங்கி, வெண்டை இலை மாதிரி நின்றன. நரம்புகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. தண்டு முறுக்கிக்கொண்டு தலை சாய்ந்தது. கீழே இருந்த பழைய இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்தப்பா ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினாராம். வீட்டுக்கும் வந்தார். “பருத்தி போட்டு வெண்டிக்கா பறிக்கலாம்னு காலேசுல சொல்லிக் குடுத்தாங்களா புள்ள?”

அப்பா என்னைத் திட்டவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டாமல் இருந்தால் அவர் மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அவருடைய கோபம் வேறு பக்கம் போயிருந்தது. பக்கத்து வயல் ஒரு பாயுடையது. வளைகுடாவில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பி, ஆள் வைத்து விவசாயம் பார்க்கிறவர். அவர் வரப்பில் களைக்கொல்லி அடித்ததை அப்பா பார்த்திருந்தார். “அவன் மருந்துதான் காத்துல பறந்து வந்துருக்கு. வாய்க்கால் எம்பக்கம்தானே இருக்கு. பாத்துக்குறேன்” என்றார். அப்பா வாய்க்காலை அடைத்தால் பாயின் வயல் காயும். பிறகு அந்த இரண்டு வயலுக்கும் இடையில் பேச்சுவார்த்தை இருக்காது.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். “தொறமொகத்துல கப்பல்லேருந்து கரி எறக்குறாங்கல்ல, காத்தடிச்சா துணியெல்லாம் கறுத்துப் போவுது. செடி என்ன செய்யும்?” மருந்துக் கடைக்காரர் இலையைக் கையில் வாங்காமலே வைரஸ் என்று சொல்லி ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தார். தெருவில் மற்ற எல்லாருக்கும் மீன் அமிலம்தான் குற்றவாளி. 

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம் இருந்தது. என்மேலும் இருந்தது. யாரையும் நம்பாமல் வயலுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கரித்தூசி என்றால் பழைய இலைமேல்தான் அதிகம் படிந்திருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தேன். லேசாகக் கறுப்பு ஒட்டியது. ஆனால் தூசி படிந்த இலை நன்றாக இருந்தது, தூசி படாத குருத்துதான் முறுக்கியிருந்தது. வைரஸ் என்றால் அதைப் பரப்பும் வெள்ளை ஈ இருக்க வேண்டும், நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியிருக்க வேண்டும். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஈ இல்லை. மீன் அமிலம் கூடிப்போயிருந்தால் இலையின் ஓரம் தீய்ந்திருக்கும். இப்படி விரல் விரலாகப் பிரியாது. அம்மாவின் கத்தரி அதே சாற்றைக் குடித்துவிட்டு நன்றாக நின்றது.

மிச்சம் இருந்தது பாய். அவரே வரப்பில் வந்து நின்றார். “மருந்தடிச்சது உண்மைதாம்மா. மறைக்கல. ஆனா அன்னைக்கிக் காத்து ஒங்க பக்கம் இல்ல. நம்பலேன்னா எங்க வரப்போரம் ஒங்க செடி எப்புடி நிக்கிதுன்னு நீயே பாரு.”

இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருக்கிறாரே என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஆனால் போய்ப் பார்த்தேன். காற்றில் வந்த மருந்து என்றால் வரப்போரத்துச் செடிதான் மோசமாக இருக்க வேண்டும். எங்கள் வயலிலேயே நன்றாக இருந்தது அந்த ஓரம்தான்.

அங்கிருந்து வரிசை வரிசையாக நடந்து வந்தேன். வரவர முறுக்கு கூடிக்கொண்டே போனது. எதிர்மூலையில், மோட்டார் கொட்டகை பக்கம், செடிகள் பார்க்கவே பாவமாக இருந்தன. கொட்டகையிலிருந்து தள்ளிப் போகப் போகச் சேதம் குறைந்தது, அதுவும் படிப்படியாக. ஒரு பட்டை மோசம், அடுத்த பட்டை கொஞ்சம் தேவலாம், அதற்கடுத்தது இன்னும் தேவலாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். “எந்த மூலையிலேருந்து தெளிக்க ஆரம்பிச்சிங்க?”

“மோட்டார் கொட்டகையிலேருந்துதான். தண்ணி அங்கதானே புடிக்கணும்.”

“அதுக்கு முன்னாடி ஸ்பிரேயர் யாருட்ட இருந்துச்சு?”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒங்க சித்தப்பாட்ட. கோடை நெல்லுக்குக் களை மருந்தடிக்க வாங்கிட்டுப் போனான்.”

“கழுவிக் குடுத்தாங்களா?”

“கழுவாமயா? உள்ள தண்ணி கெடந்துச்சே. நாந்தான் அதுக்கு மேலயே ஊத்திக்கிட்டேன்.”

“கெடந்த தண்ணியக் கொட்டலையாப்பா?”

“எதுக்குக் கொட்டணும்? சித்தி ஊத்திக் குடுத்தது.”

எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். பிடி அரிசி போடுவார்கள், கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். வாங்கிக்கொள்கிறவர்கள் அதைக் கீழே கொட்ட மாட்டார்கள். குடம், மரக்கால், குண்டான் எல்லாவற்றுக்கும் இதுதான். ஸ்பிரேயரும் தண்ணீர் பிடிக்கிற சாமான்தானே. எங்கள் தெருவில் ஸ்பிரேயர் வைத்திருப்பது அப்பா மட்டும்தான். அது வாரத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும்.

சித்தப்பா இல்லாத நேரம் பார்த்துச் சித்தியிடம் போனேன். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார் என்று தோன்றியதால், கொல்லையில் முருங்கையைப் பற்றி, அதில் கம்பளிப்பூச்சி வருவதைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

“அன்னைக்கி ஸ்பிரேயர் குடுத்தப்ப உள்ள தண்ணி ஊத்தினிங்களா சித்தி?”

“ஊத்தாம? வெறும் டப்பாவா தூக்கிட்டு வருவாங்க? ஒங்கம்மா என்ன நெனைப்பாங்க?”

“ஊத்துறதுக்கு முன்னாடி கழுவினிங்களா?”

சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது என்ன அடுப்படிப் பாத்திரமா, புளி போட்டுத் தேய்க்க? ஒங்க சித்தப்பா வயல்லேருந்து கொண்டாந்து போட்டாரு. நான் ஒரு சொம்பு தண்ணிய ஊத்தி எடுத்துட்டு வந்தேன். என்ன இப்ப?”

சித்தி மரியாதைக்கு ஊற்றிய தண்ணீரைப் பார்த்து, கழுவித்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அடியில் தங்கியிருந்த களைக்கொல்லி அந்தத் தண்ணீரோடு கலந்து, என் மீன் அமிலத்தோடு சேர்ந்து, பருத்திமேல் போயிருக்கிறது. சித்தப்பா அடித்தது அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து. நெல் புல் இனம் என்பதால் தப்பித்துக்கொள்ளும். பருத்தி, தக்காளி, பயறு போன்றவற்றுக்கு அதன் மிச்சம் போதும், குருத்து முறுக்கிக்கொள்ளும். டேங்க் டேங்காகத் தண்ணீர் நிரப்ப நிரப்ப மருந்து நீர்த்துப் போனதால்தான் சேதம் பட்டை பட்டையாகக் குறைந்திருக்கிறது.

எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்கள் நம்ப வேண்டுமே. சித்தப்பா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். “மீனைக் காய்ச்சி ஊத்திக் கெடுத்துட்டு இப்ப எம்பொண்டாட்டி தலையில கட்டுறியா? ஒரு சொம்பு தண்ணி ஊத்துனது குத்தமா?”

“குத்தம்னு சொல்லல சித்தப்பா. பாத்துடலாம்னு சொல்றேன்.”

பண்ணையிலிருந்து தட்டைப்பயறு நாற்று இரண்டு தட்டு கொண்டுவந்தேன். சித்தப்பாவையே ஸ்பிரேயரில் வெறும் தண்ணீரை ஊற்றி, குழாயிலும் ஏற்றி, ஒரு ராத்திரி அவர் வீட்டிலேயே வைக்கச் சொன்னேன். மறுநாள் அந்தத் தண்ணீரை ஒரு தட்டுக்கும், புது வாளித் தண்ணீரை இன்னொரு தட்டுக்கும் தெளிக்க வேண்டும். நான் தொட்டால் நான்தான் எதையோ கலந்தேன் என்பார் என்று சந்தேகப்பட்டு, தட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தெளிப்பதுவரை சித்தப்பாவையே செய்யச் சொன்னேன். தட்டுகள் அவர் வீட்டு முற்றத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

“எங்க வீட்டு ஆடு தின்னாலும் மருந்துதான் காரணம்னு சொல்லுவ” என்றார்.

“ஆட்டையும் கட்டிப் போடுங்க.”

சில நாள் கழித்துச் சித்தி கூப்பிட்டு அனுப்பினார். வாளித் தண்ணீர் குடித்த தட்டு நிமிர்ந்து நின்றது. ஸ்பிரேயர்த் தண்ணீர் குடித்த தட்டில் எல்லா நாற்றும் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தன. அத்தனை டேங்க் தண்ணீர் போன பிறகும் ரப்பர்க் குழாயில் அவ்வளவு மருந்து ஒட்டியிருந்திருக்கிறது. சித்தி அதைப் பார்த்தபடியே நின்றார். சித்தப்பா இரண்டு தட்டையும் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். “பயறு ஒன் ஆளு. ஒன் பேச்சத்தான் கேக்கும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அன்று சாயங்காலம் வரப்புக்குப் போய்ப் பாயிடம் மழை வருமா வராதா என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வாய்க்காலைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

காரணம் தெரிந்தாலும் பருத்தி முறுக்கியது முறுக்கியதுதான். அப்பா உழுதுபோட்டுவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். மோட்டார் கொட்டகைப் பக்கத்துப் பட்டையை மட்டும் பிடுங்கிவிடுவோம், மற்ற செடிகளில் முறுக்கிய நுனியைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் காட்டுவோம், வேறு எதையும் தெளிக்காமல் பக்கக் கிளை வருகிறதா என்று பார்ப்போம் என்றேன். அப்பா ஒத்துக்கொண்டார். நம்பி ஒத்துக்கொண்டாரா, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் வேலைக்குப் போகுமுன் வயலுக்குப் போய்க் கணுக்களைப் பார்ப்பேன். முதலில் வந்த இலையும் ஒடுங்கித்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், கடைசிப் பட்டையில், அகலமான இலை ஒன்று விரிந்திருந்தது. நம்பாமல் அடுத்த செடியையும் பார்த்தேன். அதிலும் விரிந்திருந்தது.

இப்போது பண்ணைக்கு இலையை எடுத்து வருகிறவர்களிடம் நான் நிறையக் கேள்வி கேட்கிறேன். கெட்டது பழைய இலையா, குருத்தா? தோட்டத்தின் எந்தப் பக்கம் மோசம், எந்தப் பக்கத்திலிருந்து தெளித்தீர்கள்? ஸ்பிரேயர் உங்களுடையதா, இரவலா, கடைசியாக அதில் என்ன ஊற்றினார்கள்? கழுவினேன் என்று சொன்னால் எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்பேன். தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவது கழுவுவது ஆகாது. பல தடவை அலச வேண்டும். குழாயிலும் முனையிலும் தண்ணீர் ஓட வேண்டும். பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, மறுபடி அலச வேண்டும். அலசிய தண்ணீர் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ செடிக்கோ போகக் கூடாது. இவ்வளவு செய்தாலும் நான் அந்த ஸ்பிரேயரை நம்ப மாட்டேன். களைக்கொல்லிக்கென்று தனியாக ஒன்று இருப்பதுதான் நல்லது. முடியாதவர்கள் தெளிப்பதற்கு முன் அதில் வெறும் தண்ணீரை ஊற்றி, தொட்டியில் இருக்கும் ஒரு அவரைச் செடிக்கு அடித்துச் சில நாள் பொறுத்துப் பார்க்கட்டும். ‘இவ்வளவு சந்தேகமா மேடம்?’ என்று ஒருவர் சிரித்தார். ஆமாம் என்றேன்.

பருத்தி வெடித்தது. பிடுங்கிய பட்டை போக, மோசமாக இருந்த செடிகள் போக, மிச்சத்தில் காய் வந்தது. நல்ல வருஷத்தில் வருவதில் பாதி இருக்கும். நாங்கள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா வரப்பில் நின்று, “பாதி வயலுதானேண்ணே வந்துருக்கு. பாதி பாஸ்னு வச்சுக்க” என்றார். அப்பா சிரித்தார்.

வந்தால் சம்பாவுக்கும் உன்னையே கேட்கிறேன் என்றாரே, பாதி வந்தால் கேட்பாரா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சம்பா பேச்சு தொடங்கியபோது எந்த நெல் போடலாம் என்று அப்பா சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என் காது கேட்கும் தூரத்தில்தான் கேட்டார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று யோசித்துக்கொண்டிருந்தால் நடவு முடிந்துவிடும்.

நான் தலத்தெருவுக்குப் போனேன். நிலத்துக்காரம்மாவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த அம்மா இப்போது தனியாக இருக்கிறார். எங்கள் வயலுக்குக் கிழக்கே, அவருடைய நிலத்திலேயே, உப்பு ஏறிப்போனது என்று அப்பா தொடாமல் விட்ட ஒரு துண்டு கிடக்கிறது. அதைச் செய்கிறேன், கொடுங்கள் என்றேன்.

“அப்பா அனுப்புனாரா?”

“இல்லங்க. நானா வந்தேன்.”

“அப்ப குத்தகை யாரு பேர்ல?”

“என் பேர்லங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுல ஒண்ணும் வராதுன்னு ஒங்கப்பாதானே சொன்னாரு. ஒனக்கு மட்டும் வருமா?”

“முதல்ல நெல் போட மாட்டேன். தக்கைப்பூண்டு உப்பு நெலத்துலயும் வளரும், அதப் போட்டு ஒரமா பச்சையாவே மடக்கி உழுதுட்டு அப்பறம்தான் நெல்லு. வரலேன்னா அடுத்த வருஷம் நீங்க எடுத்துக்குங்க.”

“செய்யி, பாப்போம்” என்றார்.

இரண்டு மழை விழுந்து மண் நனைந்திருந்தது. நேற்றுக் காலை வேலைக்குப் போவதற்கு முன்னால் அந்தத் துண்டு முழுக்கத் தக்கைப்பூண்டு விதைத்துவிட்டேன்.